ஜார்ஜ் டவுன் பிட் தெரு: அரை நாளுக்கு இது போதும்
மலேசியாவின் பினாங்கில் அரை நாள்தான் கிடைக்கிறதென்றால், ஜார்ஜ் டவுன் நகரின் பிட் தெருவுக்கே போங்கள். பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றிருக்கும். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை சூழ்ந்த, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் கோயில், குவீன் தெரு மகாமாரியம்மன், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் எல்லாமே சில நிமிட நடைதான். காலையிலேயே தொடங்குங்கள், மதியம் அம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலும் தாங்காது. கடை முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை அருமையான நிழல். ஆனால் பைக்கும் சாமானும் மறித்து அடிக்கடி ரோட்டில் இறக்கிவிடும். குழந்தை வண்டி சரிப்படாது. வெள்ளி மதியம் பள்ளிவாசலைத் தவிருங்கள்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார்தான், சோற்றோடு குழம்பும் கறி வகைகளும் சேர்த்துத் தரும் தமிழ் முஸ்லிம் சாப்பாடு. 'குவா சம்போர்' என்றால் நாலைந்து குழம்பைக் கலந்து சோறு நனைய ஊற்றுவார்கள். மீன் தலை, பெரிய இறால் இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டுத் தட்டில் வாங்குங்கள். பில் எகிறுவது அங்கேதான்.