ஃப்ளாஸ்க்கில் ஒரு வருஷமாக ஓடும் எம்சிபி சர்வர்: அந்த 30 நொடி

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்து என் எம்சிபி சர்வரைச் சரிசெய்தேன். (எம்சிபி என்பது ஏஐ அசிஸ்டென்ட் வெளியே இருக்கிற டேட்டாபேஸ், மென்பொருளோடு பேசுவதற்கான பொது விதிமுறை.) திங்கட்கிழமை காலையில் பழைய ஆபீஸ் நண்பன் கேட்கிறான்: "மச்சான், எங்க டேட்டாபேஸை ஏஐ அசிஸ்டென்டுக்குத் திறந்துவிடணும். உன்னை மாதிரி ஃப்ளாஸ்க்கிலேயே போட்டுடவா, இல்ல அசிங்க் கத்துக்கிட்டு வரணுமா?" ஃப்ளாஸ்க் பைதானில் இணைய சர்வர் எழுதுகிற எளிய கருவி. அசிங்க் என்பது ஒரு வேலை காத்திருக்கும்போதே மற்றதைக் கவனிக்கிற மாதிரி எழுதும் முறை. வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

என்னுடையது மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை ஒன்றுக்காகச் செய்தது. ஸ்டாக், பில், மாதக் கணக்கு என்று ஐந்து டூல், அதாவது அசிஸ்டென்ட் கூப்பிடக்கூடிய வேலைகள். ஒரு கோர் மெஷின், அதிலேயே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், ஃப்ளாஸ்க்கை ஓட்டுகிற ஜி-யூனிகார்னில் மூன்று சிங்க் வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் புரோசஸ்).

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எம்சிபி விதிகளின் 2025 மார்ச் பதிப்பில் ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி (சாதாரண இணையக் கோரிக்கைகளாகவே பேசும் முறை) வந்த பிறகு அதற்கு அசிங்க் கட்டாயமே இல்லை. ஒரே முகவரிக்கு போஸ்ட் வரும், சாதாரண ஜேசனாகப் பதில் கொடுக்கலாம். பதில் எதிர்பார்க்காத நோட்டிஃபிகேஷன் வந்தால் வெறும் 202 (வாங்கிக்கொண்டேன் என்ற எண்). திறந்தே இருக்கும் இணைப்பான ஸ்ட்ரீம் கேட்டு கெட் வந்தால் 405 (இங்கே அது கிடையாது என்ற எண்) சொல்லித் திருப்பி அனுப்பலாம், விதியே அனுமதிக்கிறது. அது தெரியாத நாட்களில் ஸ்ட்ரீமைத் திறந்து கொடுத்துவிட்டு, மூன்று பேர் இணைந்ததும் மூன்று வொர்க்கரும் மாட்டிக்கொள்ள, நாலாவது ஆள் காத்துக் கிடந்ததெல்லாம் நடந்தது. 405 போட்ட நாளிலிருந்து அந்தத் தலைவலி இல்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. தேதி கேட்கிற இடத்தில் அசிஸ்டென்ட் 'போன மாதம்' என்று அனுப்பும். ஆரம்பத்தில் அதற்கு மைனஸ் 32602 (தவறான உள்ளீடு) என்று புரோட்டோகால் பிழையைத் திருப்பினேன். 'டூல் வேலை செய்யவில்லை' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது. பிறகு அதே பிழையை டூலின் பதிலுக்குள்ளேயே, இஸ்எரர் என்பதை ட்ரூவாக வைத்து, "தேதி 2025-08-01 என்ற வடிவில் வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். படித்துவிட்டுத் தானே திருத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டது. பிழைச் செய்தியை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றையும் கவனமாக எழுதுகிறேன்.

இப்போது அந்த 30 நொடி.

ஜி-யூனிகார்னில் ஒரு சிங்க் வொர்க்கர் 30 நொடி பேசாமல் இருந்தால் தலைமை புரோசஸ் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்பும். இணையப் பக்கம் காட்டுகிற சர்வருக்கு இது நல்ல ஏற்பாடுதான். என் மாதக் கணக்கு டூலுக்கு 40 நொடி ஆகும். லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்று ஒரு வரி விழும். அசிஸ்டென்டுக்கு வெறும் 502 (பின்னாலிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை எண்) போகும். அதில் படிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாததால் அது மறுபடி கூப்பிடும். மறுபடி 30 நொடி, மறுபடி 502.

சனிக்கிழமை போஸ்ட்கிரஸில் என்ன ஓடுகிறது என்று எடுத்துப் பார்த்தேன். ஒரே கணக்குக் கேள்வி நாலு தடவை ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட வொர்க்கர் செத்தாலும் போஸ்ட்கிரஸ் அதைக் கவனிப்பதில்லை, கேள்வியை முடிக்கத்தான் பார்க்கும். ஒரு கோரை நாலும் பங்கு போட்டதால் 40 நொடி வேலை நிமிடக்கணக்கில் இழுத்தது. அரை நொடியில் வர வேண்டிய ஸ்டாக் தேடலும் சேர்ந்து படுத்தது. கடையில் வாடிக்கையாளர் நிற்கிறார், இம்பெல்லர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

டைம்அவுட்டை 120 ஆக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். ஆக்கிப் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் 60 நொடியில் கை கழுவிவிடும், அதையும் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகும், அசிஸ்டென்ட் பக்கம் எத்தனை நொடி பொறுக்கும் என்பது என் கையில் இல்லை. கோரிக்கையைத் தனி இழையில் ஓட்டும் ஜிதிரெட் வொர்க்கருக்கு மாறினால் கொலை நிற்கும், காத்திருப்பு அப்படியே இருக்கும். கடைசியில் டூலை இரண்டாக வெட்டினேன். ஒன்று வேலையைப் பின்னணியில் கிளப்பிவிட்டு உடனே ஒரு டோக்கன் எண் கொடுக்கும். இன்னொன்று அந்த எண்ணை வாங்கிக்கொண்டு 'இன்னும் முடியவில்லை' என்றோ கணக்கையோ தரும். போஸ்ட்கிரஸிலும் 60 நொடிக்கு மேல் எந்தக் கேள்வியும் ஓடக்கூடாது என்று வரம்பு போட்டேன். எம்சிபியின் 2025 நவம்பர் பதிப்பில் இதே யோசனை 'டாஸ்க்ஸ்' என்ற பெயரில் சோதனை நிலையில் வந்தது. எல்லா கிளையன்டும் அதைப் புரிந்துகொள்ளும் வரை எனக்கு டோக்கன் போதும்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அசிங்க்குக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடாது. எம்சிபியின் அதிகாரப்பூர்வ பைதான் எஸ்டிகேயை (தயார்நிலை நிரல் தொகுப்பை) இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நான் எடுத்த பதிப்பில், சாதாரண ஃபங்ஷனாக எழுதிய டூலை அது ஈவென்ட் லூப்பிலேயே (எல்லா வேலையையும் மாறி மாறி ஓட்டும் ஒரே சுழலிலேயே) நேராகக் கூப்பிட்டது. அதற்குள்ளே என் பழைய சைக்காப்ஜி2 (பதில் வரும் வரை காத்து நிற்கிற போஸ்ட்கிரஸ் டிரைவர்) கேள்வி. அது முடியும் வரை மொத்த சர்வரும் நின்றது. மூன்று வொர்க்கர் இருந்தபோது ஒன்றுதான் மாட்டியது. இங்கே இருந்ததே ஒன்று, அதுவும் மாட்டியது.

ஆக நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. உன் டூல்களில் ஒன்றே ஒன்று பத்து நொடியைத் தாண்டினாலும் ஃப்ளாஸ்க் பக்கம் போகாதே. டேட்டாபேஸ் டிரைவர் முதற்கொண்டு எல்லாவற்றையும் அசிங்க்கில் எழுது, ஒரு மாதம் கூட ஆனாலும் பரவாயில்லை. சனிக்கிழமை ராத்திரி உனக்கு வரக்கூடாது.

"அப்ப நீ எப்ப மாத்தப்போற?" என்றான்.

நான் மாற்றவில்லை. பாக்கி வசூல் டூல் ஒன்று கேட்டிருக்கிறார்கள். இந்த வாரம் அதையும் இதே சர்வரில்தான் சேர்க்கிறேன்.