15 ஆம்ப் பிளக், சுவர் சார்ஜர், ஹைவே சார்ஜர்: எது கட்டுப்படியாகும்?

ஒரே மின்சார கார், ஒரே 100 கிலோமீட்டர். ஈபி பில் குறைவாக வரும் வீட்டில் சார்ஜ் போட்டால் 80 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் 135 ரூபாய் ஆகிறது. விக்கிரவாண்டிப் பக்கம் ஓட்டல் வாசலில் நிற்கும் வேக சார்ஜரில் 300 ரூபாயைத் தொடுகிறது. நெக்ஸானா, விண்ட்சரா, க்ரெட்டாவா என்று மாதக்கணக்கில் வீடியோ பார்ப்பவர்கள், வண்டியை எங்கே செருகப் போகிறோம் என்பதை டெலிவரிக்கு முந்தின வாரம்தான் யோசிக்கிறார்கள். ஓட்டும் செலவில் காருக்குக் கார் பெரிய வித்தியாசம் இல்லை. செருகும் இடத்துக்கு இடம் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக பார்க்கிங் இருந்து, தினமும் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்கு 15 ஆம்ப் பிளக் தாராளம். சுவர் சார்ஜர் பெரும்பாலான வீடுகளில் கௌரவச் செலவு. ஹைவே சார்ஜர் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும். அதையே அன்றாடத்துக்கு நம்பி கார் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

15 ஆம்ப் பிளக்

காரோடு வரும் கையடக்க சார்ஜர் மணிக்கு 3 யூனிட் சுமாராக இழுக்கும். நெக்ஸான் 45 கிலோவாட்-ஹவர் (அதாவது 45 யூனிட்) பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் பலர் மிரண்டு போகிறார்கள். ஆனால் பேட்டரியை தினமும் காலியாக்கி வீடு திரும்புகிறவர் யார்? தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பி, வழியில் காய்கறி வாங்கி, பிள்ளையை டியூஷனில் விட்டாலும் 40, 50 கிலோமீட்டர். அதற்கு 7 யூனிட்டுக்கு மேல் போகாது. இரண்டரை மணி நேர வேலை. ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் முடிந்திருக்கும். முழு ராத்திரியும் விட்டால் 180 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறிவிடும்.

வேகம் குறைவு என்பது இதன் குறையே அல்ல. உண்மையான சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடும், கெய்சர் இருபது நிமிஷம் ஓடும். காரோ 13, 14 ஆம்ப் மின்னோட்டத்தை விடாமல் பல மணி நேரம் இழுக்கிறது. "ஏசிக்குப் போட்ட பாயின்ட் சும்மாதானே சார் இருக்கு, அதுலயே செருகிக்கலாம்" என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் ஜாக்கிரதையாக இருங்கள். தளர்ந்த சாக்கெட்டில் பிளக்கின் கம்பி முழுமையாகப் பதியாது. அந்த இடைவெளியில் சூடு ஏறும். முதலில் பிளக்கைப் பிடுங்கும்போது கை சுடும், பிறகு சாக்கெட் முகத்தில் துளையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் விழும், அதற்குப் பிறகு கருகிய வாசனை. பழுப்பு வளையம் தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்). சாக்கெட் நீல நிறத்தில் வரும் 16 ஆம்ப் தொழிற்சாலை வகையாக இருந்தால் நிம்மதி. ஆனால் சார்ஜரின் பிளக் அதற்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த்திங். பழைய வீடுகளில் எர்த் பைப் இருக்கும், எர்த் இருக்காது. குழியில் போட்ட உப்பும் கரியும் எப்போதோ கரைந்து, பைப் துருப்பிடித்து நிற்கும். ஃபிரிட்ஜும் டிவியும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கார் சார்ஜர் செருகியவுடன் எர்த்தைச் சோதித்துப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். புது வண்டி வந்த முதல் ராத்திரியே "சார்ஜர் பழுது" என்று ஷோரூமுக்குப் போன் போடுகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தங்கள் எர்த் குழியைத்தான். டெலிவரிக்கு முன்பே எர்த்தைச் சோதித்து, தேவையென்றால் புதிதாக ஒன்று இறக்கிவிடுவது நல்லது. சுவர் சார்ஜருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

ஈபி ஸ்லாப் என்னும் மறை செலவு

யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்லி ஓட்டும் செலவைக் கணக்குப் போடும் வீடியோக்கள் நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு படிப்படியாக ஏறும். 600 யூனிட்டைத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 1,000ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலே கீழ்ப்படியின் சலுகை போய், பில்லில் இருநூற்றுச் சொச்சம் தனியாகக் கூடும்.

உதாரணத்துக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடும் வீடு. பில் 1,200 ரூபாயை ஒட்டி வரும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் கார் வந்து சேர்ந்தால் இரண்டு மாதத்தில் 360 யூனிட் கூடுதல். பில் 4,500 பக்கம் போய் நிற்கும். காருக்கான யூனிட் கிட்டத்தட்ட 9 ரூபாய் விழுகிறது, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 35 காசு. 200 யூனிட்டே ஓடும் சின்னக் குடும்பத்தில் 300 யூனிட் கூடினாலும் 500க்குள்தான் நிற்கும், அங்கே யூனிட் 5 ரூபாய்ச் சொச்சம். இரண்டு மூன்று ஏசி ஓட்டி 1,000ஐத் தாண்டிய வீட்டிலும் கிலோமீட்டர் 1 ரூபாய் 75 காசுதான் ஆகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி, 15 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் கிலோமீட்டர் 6 ரூபாய் 70 காசு. லாபம் இருக்கிறது, ஷோரூம் அட்டையில் எழுதிய அளவுக்கு இல்லை.

இந்த மேல்படி யூனிட்களை வெட்ட வழி மாடியில் சோலார். 3 கிலோவாட் பலகை நம் வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் சுமாராகத் தரும். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நெட் மீட்டர் இருந்தால் பகலில் விளைவதை ராத்திரி காருக்குக் கழித்துக்கொள்ளலாம். 1,000 யூனிட் வீட்டுக்காரர் சுவர் சார்ஜரை விட்டு இந்தப் பக்கம் பணத்தைத் திருப்புவதுதான் புத்திசாலித்தனம்.

சுவர் சார்ஜர்

7.2 கிலோவாட், 32 ஆம்ப். அதே நெக்ஸான் ஆறேழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். பார்க்க அழகு, கேபிள் தடிமன், பூட்டும் வசதி, ஆப்பில் யூனிட் கணக்கு. சாதாரண வீட்டு சிங்கிள் ஃபேஸ் இணைப்பு இதைத் தாங்காது. ஈபி ஆபீஸில் லோடு உயர்த்தக் கேட்டு, த்ரீ ஃபேஸுக்கு மாறி, அதற்கான கட்டணமும் வயரிங்கும் தனி. த்ரீ ஃபேஸ் வந்த பிறகும் 7.2 சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் உட்காரும். அதே ஃபேஸில் படுக்கையறை ஏசியும் மோட்டாரும் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு ட்ரிப் ஆகி வீடே இருட்டாகும். ஃபேஸ்களைப் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எந்த எலெக்ட்ரீஷியனும் செய்வதில்லை.

யாருக்கு இது அவசியம்? தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள். வீட்டில் இரண்டு மின்சார கார் வைத்திருப்பவர்கள். மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ மாதிரி 79 கிலோவாட்-ஹவர் பேட்டரி வாங்கி, வாரம் தவறாமல் வெளியூர் போகிறவர்கள். அந்தப் பேட்டரிக்கு 15 ஆம்ப் என்றால் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். 2024 நவம்பரில் அந்தக் கார்கள் அறிமுகமானபோது 7.2 சார்ஜருக்கு 50,000, 11.2க்கு 75,000 என்று விலை வைத்தார்கள். காரோடு இலவசமாகவே வந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. தனிப்பணம் கொடுத்து என்றால், ஆறு மாதம் 15 ஆம்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஹைவே சார்ஜர்

ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு யூனிட் 20 ரூபாயைச் சுற்றி, சில இடங்களில் 25 வரை. கிலோமீட்டருக்கு 3 ரூபாய். சென்னையிலிருந்து மதுரை போக ஒரு தடவை, நெஞ்சில் பயமில்லாமல் போக இரண்டு தடவை நிறுத்த வேண்டும். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று இந்தச் சாலையில் இப்போது பஞ்சமில்லை. கோயம்புத்தூர்க்காரர்களான ஜியான் மாதிரி நிறுவனங்கள் ஓட்டல் வளாகங்களில் வைத்திருப்பதால் சாப்பிடும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

பலகையில் 120 கிலோவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காரால் வாங்க முடிந்ததுதான் ஏறும். 38 கிலோவாட்-ஹவர் பேட்டரி உள்ள விண்ட்சர் வாங்கும் வேகம் 45 கிலோவாட் அளவுதான். அதே சார்ஜரின் பக்கத்து கன்னில் (காரில் செருகும் கேபிள் முனையில்) இன்னொரு கார் வந்து செருகினால் இருவருக்கும் பங்கு பிரியும். 80 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20க்காக நிற்பது நமக்கும் நஷ்டம், பின்னால் காத்திருப்பவருக்கும் எரிச்சல். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு வாலட், வாலட்டில் மிச்சமாகித் தூங்கும் நூறு இருநூறு ரூபாய்: இதில் கிடைக்கும் எரிச்சலை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் காட்டாது. பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் கிளம்புகிறவர் 20 சதவீதம் வரும்வரை ஓட்டாமல் 40இலேயே ஒதுங்குவது உத்தமம். முதல் இடத்தில் வரிசை நின்றால் அடுத்த ஊர்வரை போகவாவது கையில் சார்ஜ் இருக்கும்.

காருக்குள் பார்க்க வேண்டியது

திரை எத்தனை இஞ்ச் என்பதை விடுங்கள். ஷோரூமில் கேட்க வேண்டியவை வேறு. சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் காரிலேயே குறித்து வைக்க முடியுமா? கோடை சாயங்காலத்தில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் விழும், சார்ஜர் நின்று நின்று ஏறும். நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. செருகியபடியே போனிலிருந்து ஏசியைப் போட முடியுமா? சித்திரை வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்விக்கும் மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாமல் வீட்டிலிருந்தே போகும்.

பேட்டரி எந்த ரகம் என்றும் கேளுங்கள். விண்ட்சரிலும் மஹிந்திராவிலும் இருக்கும் எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்) ரகத்தை அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் மீட்டர் சரியான கணக்கு காட்டும். க்ரெட்டா எலெக்ட்ரிக்கில் இருக்கும் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) ரகத்துக்கு அன்றாடம் 80 சதவீதம் நல்லது. பிறகு சார்ஜ் வாய் இருக்கும் இடம். க்ரெட்டாவுக்கும் பஞ்ச் ஈவிக்கும் மூக்கில் இருக்கிறது. சாக்கெட் உள்சுவரில் இருந்தால் நேராக உள்ளே விடலாம். கேட் பக்கம் இருந்தால் தினமும் ரிவர்ஸ்தான்.

சொந்த பார்க்கிங் இல்லாதவர்களுக்கு

அடுக்குமாடியில் கார் நிற்கும் இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து வயர் இழுக்க முடிந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். இருக்கும் இணைப்பிலிருந்தே வீட்டில் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் துறையின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. சங்கக் கூட்டத்தில் "தீப்பிடிச்சா யார் பொறுப்பு" என்று எழும் குரலுக்கு அந்தத் தாளையும் ஆர்சிசிபி போட்ட படத்தையும் காட்டலாம். பொது மீட்டரிலிருந்து எடுப்பதானால் தனியாக ஒரு சப்மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் கொடுத்துவிடுங்கள், பேச்சு வராது.

தெருவோரம் நிறுத்துகிறவருக்கு வீட்டு விலை கிடைக்காது. எல்லாமே 20 ரூபாய் யூனிட், வாரத்துக்கு இரண்டு தடவை முக்கால் மணி நேரக் காத்திருப்பு. காரின் கூடுதல் விலையை அந்த மிச்சத்தில் எடுக்கப் பல வருஷம் ஆகும். அவர் இப்போதைக்கு சிஎன்ஜியோ ஹைப்ரிடோ பார்ப்பது மேல். ஆபீஸில் சார்ஜ் போட இடம் கொடுத்தால் மட்டும் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.