அப்பர் பைன்ஸ், ஜனவரி மாதம்: இடம் பிரமாதம், பேட்டரிதான் பிரச்சினை

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், 4,000 அடி உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது அப்பர் பைன்ஸ் முகாம். ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) அல்லது டிரெய்லரோடு குளிர்காலத்தில் வருபவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். கோடையில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகிற இடம், ஜனவரி வார நாட்களில் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும். இரவுக்கு 36 டாலர். கூட்டமில்லை, கொசுவில்லை, இலவசப் பேருந்து குளிர்காலத்திலும் ஓடுகிறது. இந்த விலைக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. மின் இணைப்பு கிடையாது. யோசெமிட்டியின் எந்த முகாமிலும் கிடையாது. ஜெனரேட்டரும் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஓடலாம். சோலார் பலகையை நம்பி வராதீர்கள். பாறைச் சுவர்களும் மரங்களும் குளிர்கால வெயிலில் பெரும்பகுதியை மறைத்துவிடும்.

கணக்கு இது. ஜனவரி இரவில் சராசரியாக மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) ஃபர்னஸ், அதாவது வண்டியைச் சூடாக்கும் புரொபேன் ஹீட்டர், ஓர் இரவில் விட்டுவிட்டு மொத்தம் 6 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 48 ஆம்பியர்-மணி போய்விட்டது. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடுக்காமல் எடுக்க முடியும், குளிரில் அதுவும் குறையும். விடியற்காலை விசிறி நின்றால் புரொபேன் இருந்தும் பயனில்லை. மறுநாள் இரண்டிரண்டு மணி நேரமாக ஏற்றினாலும் லெட்-ஆசிட் முழுதாக நிறையாது. 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். லித்தியம் பேட்டரி வேகமாக ஏறும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. டிரெய்லரின் முன்நுனியில் வெளியே வைத்திருந்தால், காலை 7 மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டாலும் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று மறுத்துவிடும். வண்டிக்குள்ளே வையுங்கள். புரொபேனைப் பொறுத்தவரை, 20 பவுண்டு சிலிண்டர் தொடர்ந்து எரித்தால் 14 மணி நேரம். மேலே சொன்ன கணக்கில் இரண்டு இரவு தாண்டும், மூன்றாவது சந்தேகம். இரண்டு சிலிண்டர் இல்லாமல் வர வேண்டாம்.

கழிவு கொட்டும் டம்ப் ஸ்டேஷன் முகாமிலேயே உண்டு, குளிர்காலத்திலும் இயங்கும். வெளியே தெரியும் கழிவுத் தொட்டியின் வால்வு உறைந்தால் இழுக்க வராது, பலம் காட்டினால் கம்பிதான் முறியும். தொட்டிக்குத் தலா இரண்டு லிட்டர் இளஞ்சிவப்பு ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றுங்கள். காருக்குரிய பச்சை நிறத்தது நஞ்சு, கிட்டவே கொண்டுவராதீர்கள். சிங்க் அடியில் உள்ள கதவுகளை இரவில் திறந்து வைத்தால் குழாய்க்கும் சூடு போகும். மூச்சு ஈரம் சுவரில் வழியாதிருக்கக் கூரை வென்டை (காற்றுத் திறப்பை) ஒரு விரலளவு திறந்து வையுங்கள்.

நீள வரம்பு: ஆர்.வி. 35 அடி, டிரெய்லர் 24 அடி. பல இடங்கள் சரிவாக இருக்கின்றன, மட்டப்படுத்தும் கட்டைகள் தேவைப்படும்.

வரும் வழிக்கு நெடுஞ்சாலை 140தான். எல் போர்ட்டல் என்ற ஊர் வழியாக ஆற்றை ஒட்டித் தாழ்வாகவே வருகிறது. 41, 120 இரண்டும் 6,000 அடி வரை ஏறி இறங்கும். கிழக்கிலிருந்து மலை மேல் வரும் டயோகா சாலை மூடியிருக்கும், ஜி.பி.எஸ். அந்தப் பக்கம் காட்டினால் நம்பாதீர்கள். பனியில் வழுக்காமலிருக்க மாட்டும் டயர் சங்கிலி கட்டாயம் என்ற அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லரை இழுத்தால் அதன் ஓர் அச்சுக்கும் தனியாக வேண்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சிலவற்றில் சங்கிலி மாட்டவே கூடாது என்றிருக்கும்.

குளிர்காலத்தில் கரடி தூங்கும் என்று அலட்சியம் வேண்டாம். உணவை இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள், அல்லது ஜன்னல் மூடிய கெட்டிச் சுவர் ஆர்.வி.க்குள் கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். பற்பசையும் சோப்பும்கூட இந்தக் கணக்கில் உணவுதான். துணிச் சுவர் கொண்ட பாப்-அப் டிரெய்லருக்குக் கூடாரத்தின் விதிகளே பொருந்தும்.

பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் நிலையம் இல்லை. ஜெனரேட்டருக்கும் சேர்த்து எல் போர்ட்டலிலேயே நிரப்பிவிடுங்கள்.