ரயிலும் காரும் சேர்த்து இத்தாலிச் சுற்றுலா: ஏஜென்ட் எங்களை ஏமாற்றிய விதம்

முதல் முறையாக வெளிநாட்டில் பல ஊர்களைச் சேர்த்துச் சுற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பாதி ரயில், பாதி வாடகைக் கார் என்று திட்டம் போட்டுத் தரும் ஏஜென்ட்டிடம் மொத்தமாகப் பணத்தைக் கட்டவிருப்பவர்களுக்கு. ஏஜென்ட்டின் பெயரைப் போடவில்லை. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் முழுதாக முடியவில்லை. தவிர, இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆளைவிட, செய்கிற முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

எங்கள் திட்டம் இதுதான். ரோமில் இறங்கி ரயிலில் நேப்பிள்ஸ் போவது, பொம்பெய் பார்ப்பது, மறுபடி ரயிலில் ஃபிளாரன்ஸ், அங்கிருந்து காரில் டஸ்கனி கிராமப்புறம், கடைசியாக வெனிஸ், அங்கேயே விமானம். ஊர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரயில், கார், காப்பீடு, ஓட்டல் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார். எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "பேக்கேஜுல பிரிச்சுக் காட்ட மாட்டோம் சார், மொத்தமா பார்த்தா உங்களுக்கு லாபம்தான்" என்றார். அவருடைய பிழைப்பே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று அப்புறம் புரிந்தது.

ஆரம்பத்தில் யூரெயில் பாஸைத் தலையில் கட்டப் பார்த்தார். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான ரயில் பாஸ் அது. அந்தப் பாஸ் கையில் இருந்தாலும் இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். நாடு நாடாகத் தாண்டுகிறவர்களுக்கு அது சரி. ஒரே நாட்டுக்குள் இரண்டு மூன்று நீண்ட பயணங்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இதை நாங்களே விசாரித்துச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் விட்டுவிட்டார். அப்போது, பரவாயில்லை, நியாயமான மனுஷன் என்று பேசிக்கொண்டோம்.

பதிலாகத் தனித்தனி டிக்கெட் எடுத்துத் தருகிறேன், எல்லாம் நேரம் மாற்றிக்கொள்ளக்கூடியவை, அதனால் விலை கொஞ்சம் கூட என்றார். சரி என்றோம். வந்தது ரயில் நிறுவனத்தின் டிக்கெட் இல்லை. அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு வவுச்சர். ரயில் எண், பெட்டி, இருக்கை, பிஎன்ஆர் எல்லாம் சரியாக இருந்தன. விலையும் கட்டண வகையும் மட்டும் இல்லை.

அந்த இரண்டும்தான் முக்கியம். இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சியாரோஸ்ஸாவில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வேறு வேறு விலை கொடுத்திருப்பார்கள். சூப்பர் எகானமி என்பது மலிவான டிக்கெட். நேரத்தை மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது. பேஸ் என்பது முழு விலை. ரயில் கிளம்பும் முன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். நேப்பிள்ஸில் காலையில் ரயில் நிலையத்துக்குப் போய், பொம்பெயை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஃபிளாரன்ஸ் ரயிலை மாலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம். கவுன்டரில் இருந்த பெண் பிஎன்ஆரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையையே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாம் சூப்பர் எகானமி. விலை, எங்களிடம் வாங்கியதில் பாதிகூட இல்லை.

ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. "சப்ளையர் கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று மாலையில் ஒரு செய்தி வந்தது. அதற்குள் அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கிவிட்டோம். முன்கூட்டியே எடுக்கும் விலைக்கும் அன்றன்றைக்கு எடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். பொம்பெய் அதற்குத் தகுதியான இடம்தான், அது வேறு விஷயம். ஆனால் நாங்கள் ஏற்கெனவே வாங்கியதாக நினைத்திருந்த ஒரு வசதிக்கு இரண்டாவது தடவை பணம் கொடுத்தோம்.

கார் விஷயம் இதைவிட மோசம். ஃபிளாரன்ஸில் ரயிலை விட்டு இறங்கிய அன்றே கார் எடுக்கும்படி போட்டிருந்தார். ஒப்படைப்பது வெனிஸ் விமான நிலையத்தில், ஊர் திரும்பும் நாளில். கேட்கும்போது வசதியாகத்தான் தெரிந்தது. ஃபிளாரன்ஸின் பழைய நகரத்தில் கார் சுமைதான். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து துவோமோ பேராலயம் பத்து நிமிட நடை. வெனிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலத்தைத் தாண்டி பியாத்ஸாலே ரோமா வரைதான் கார் போகும், அதற்குமேல் நடையும் படகும்தான். ஆக, காருக்கு நாங்கள் கொடுத்த வாடகையில் பெரும்பகுதி, அது கார் பார்க்கில் தூங்கிய நாட்களுக்கு. வெனிஸில் அந்தத் தூக்கத்துக்கும் தினம் முப்பது யூரோவுக்கு மேல் கட்டினோம். போதாததற்கு, ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்கான தனிக் கட்டணம்.

கார் உண்மையிலேயே தேவைப்பட்டது டஸ்கனியில் மட்டும்தான். சியெனா, சான் ஜிமிஞ்ஞானோ, பியென்ஸா, அதற்கிடையில் வால் தோர்ச்சாவின் மேட்டுநிலம். அங்கே பேருந்தை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்தில் போய்விடும். எளிதான வழி இருந்திருக்கிறது. ஃபிளாரன்ஸைப் பார்த்து முடித்து, கிராமப்புறத்துக்குக் கிளம்பும் காலையில் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து டி2 டிராம் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் பெரெத்தோலா விமான நிலையம். அங்கே காரை எடுத்து, சுற்றி முடித்து, அங்கேயே விட்டுவிட்டு, வெனிஸுக்கு ரயில் ஏறினால் இரண்டே கால் மணி நேரம்தான். சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கிராண்ட் கெனால் கண்முன். இந்த வழியைத் தெரியாமல் ஒரு பயண ஏஜென்ட் இருப்பாரா? காருக்கு நாள் கூடினால் கமிஷன் கூடும். எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கார் எடுக்கும் கவுன்டரில் நடந்தது தனிக் கதை. நான் வண்டி ஓட்ட மாட்டேன், என் மச்சினன்தான் ஓட்டுவான் என்று ஏஜென்ட்டுக்கு எழுத்திலேயே சொல்லியிருந்தேன். அவர் பணம் கட்டியவர் பெயரிலேயே, அதாவது என் பெயரிலேயே, காரையும் "முழு காப்பீட்டையும்" போட்டுவிட்டார். வாடகைக் காரை யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில்தான் ஒப்பந்தம் வேண்டும், அவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டும் வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. நல்லவேளை மச்சினனிடம் கிரெடிட் கார்டு இருந்தது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் அவனாகவே எடுத்து வந்திருந்தான். அதெல்லாம் தேவையில்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமத்தோடு ஓட்ட அது வேண்டும். வழியில் போலீஸ் நிறுத்தியிருந்தால் கதை கந்தல்.

ஒப்பந்தம் மச்சினன் பெயருக்கு மாறியதும் என் பெயரில் இருந்த காப்பீடு செல்லாக்காசு. மாறாமல் இருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. வாடகை நிறுவனம் தரும் அடிப்படைக் காப்பீட்டில், சேதம் ஆனால் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. அது ஆயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டும். ஏஜென்ட் விற்றது வேறொரு நிறுவனத்தின் பாலிசி. அதில் நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும், அப்புறம் ரசீது, போலீஸ் அறிக்கை எல்லாம் அனுப்பித் திரும்பக் கேட்க வேண்டும். கார் கொடுக்கும் கவுன்டருக்கும் அந்தப் பாலிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது சட்டவிரோதம் இல்லை, சிலருக்கு நல்ல பேரமும்கூட. ஆனால் அதை "கவுன்டர்ல ஒரு பைசா கேட்க மாட்டாங்க" என்று சொல்லி விற்பது பச்சைப் பொய். பின்னால் வரிசை நிற்கிறது, குழந்தைகள் தூக்கத்தில் சிணுங்குகின்றன. கார்டில் பெரிய தொகையை முடக்கவா, எங்கள் காப்பீட்டை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். வாங்கினோம். ஒரே காருக்கு இரண்டு காப்பீடு.

இப்போது அபராதம். இத்தாலியில் நிறைய ஊர்களின் பழைய நகரப் பகுதி இசட்.டி.எல்., அதாவது அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதி. தடுப்புக் கம்பி இருக்காது, காவலர் இருக்க மாட்டார். ஒரு கேமராதான் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். நுழைவாயிலில் ஒளிரும் பலகையில் "வார்கோ அத்திவோ" என்று இருந்தால் அந்த நேரத்தில் கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். ஏஜென்ட் தந்த பயண அட்டவணையில் "காரை எடுத்து நேராக ஓட்டலுக்குச் செல்லவும், ஓட்டலில் பார்க்கிங் உண்டு" என்று அச்சடித்தே இருந்தது. ஓட்டல் இருந்தது இசட்.டி.எல்.லுக்கு நடுவில். பார்க்கிங் என்றது தெரு தாண்டி எங்கோ இருந்த பொது கராஜ். இப்படிப்பட்ட ஓட்டலுக்குக் காரில் போவதாக இருந்தால் நம்பர் பிளேட்டை முன்பே ஓட்டலிடம் சொல்லலாம், அவர்கள் பதிவுசெய்து தருவார்கள். அதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கேமராவும் தனித் தனி அபராதம்.

ஊர் திரும்பி அசதி தீர்வதற்குள் மச்சினன் கார்டில் வாடகை நிறுவனம் ஒரு தொகையைப் பிடித்தது. அபராதம் கட்டியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓட்டியவர் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கான கட்டணம் அது. அபராதக் கடிதம் மாதக் கணக்கில் கழித்து வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அதை அனுப்ப இத்தாலியப் போலீஸுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கையில் கிடைத்து 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். ஆகவே கவரைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள். ஏஜென்ட்டிடம் அட்டவணையைக் காட்டிக் கேட்டதற்கு, "டிராஃபிக் வயலேஷன் கஸ்டமர் பொறுப்பு" என்றார்.

சின்னதாக இன்னொன்று. தொகை சின்னதுதான், எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான். "வெனிஸ் நுழைவு வரி" என்று தலைக்கு, நாளுக்கு என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தார். வெனிஸ் நகராட்சி 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அப்படி ஒரு கட்டணம் வைத்தது உண்மை. அது காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு. நகராட்சிக்குள் ஓட்டலில் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் அவர்கள் ஓட்டலில் தங்கல் வரி கட்டுகிறார்கள். நாங்களும் ஓட்டலில் அதைத் தனியாகக் கட்டினோம். ஏஜென்ட் வாங்கிய பணம் எந்த நகராட்சிக்கும் போகவில்லை.

பணம் திரும்ப வந்ததா? கொஞ்சம். முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் அந்த வங்கியில் தகராறு மனு கொடுத்தேன். "டிக்கெட் நேரம் மாற்றக்கூடியது" என்று அவர் எழுதிய செய்தி, நேப்பிள்ஸ் கவுன்டரில் எடுத்துத் தந்த அசல் டிக்கெட்டின் அச்சு, ஓட்டுபவர் மச்சினன் என்று நான் முன்பே எழுதிய செய்தி, இவை மூன்றும் வேலை செய்தன. ரயில் டிக்கெட்டில் அதிகமாக வாங்கியது வந்தது. காப்பீட்டுப் பிரீமியம் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கார் தூங்கிய நாட்களுக்கு ஒன்றும் வராது, வவுச்சரில் தேதி தெளிவாக இருக்கிறது. மீதிப் பணத்தை அவர் "ஜிஎஸ்டி மிச்சமாகும்" என்று சொல்லி ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அங்கே போனது போனதுதான், வங்கி கையை விரித்துவிட்டது.

மனு போன பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "பெரிய விஷயமா ஆக்க வேண்டாம் சார், அடுத்த ட்ரிப்புக்குப் பத்து பர்சென்ட் தள்ளுபடி தர்றேன்." சுவிட்சர்லாந்தாம், ரயிலும் காரும் சேர்த்தாம்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பணம் கட்டி, இன்னும் கிளம்பாமல் இருந்தால், இன்றைக்கே இதைச் செய்யுங்கள். ரயில் நிறுவனத்தின் அசல் டிக்கெட் பிடிஎஃபைக் கேளுங்கள். வவுச்சர் போதும் என்று சொன்னால் பிஎன்ஆரையும் பயணியின் பெயரையும் வைத்து ரயில் நிறுவனத்தின் உதவி எண்ணில் கட்டண வகையைக் கேட்டுவிடுங்கள். கார் முன்பதிவில் முதன்மை ஓட்டுநர் பெயர் யாருடையது என்று பாருங்கள், மாற்ற வேண்டுமானால் கார் எடுக்கும் நாளுக்கு முன்பே மாற்றுங்கள். ஓட்டலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டு, நீங்கள் இசட்.டி.எல்.லுக்குள் இருக்கிறீர்களா, பார்க்கிங் உங்கள் கட்டடத்திலா என்று கேளுங்கள். எங்கள் ஓட்டல்காரரிடம் இதைக் கிளம்பும்போதுதான் பேச்சுவாக்கில் கேட்டேன். கேட்டு எழுதியிருந்தால் அன்றே பதில் போட்டிருப்பேனே என்றார்.