சேபனா, பெலிச்சிக்கா? காலேஜ் கோச் பெருசா, என்எஃப்எல் கோச் பெருசா?

2024 ஜனவரி 10, அலபாமா யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் கோச் நிக் சேபன் போதும்னு ரிட்டயர்மென்ட் சொல்லிட்டாரு. அதே நாள் என்எஃப்எல்ல, அதாவது அமெரிக்காவோட ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்ல, சியாட்டில் சீஹாக்ஸ் டீமோட பீட் கேரல் கோச் பதவிலேருந்து இறங்கினாரு, மறுநாள் காலைல பில் பெலிச்சிக்கும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் 24 சீசனுக்கு அப்புறம் பிரியறாங்கன்னு நியூஸ். ரெண்டே நாள்ல மூணு பேர். அப்போ ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல, காலேஜ்ல 7 நேஷனல் சாம்பியன்ஷிப் எடுத்த சேபன் பெரிய ஆளா, என்எஃப்எல்ல 6 சூப்பர் பவுல் (அந்த லீக்கோட ஃபைனல்) எடுத்த பெலிச்சிக் பெரிய ஆளான்னு.

(மெஸ்ஸி ஆடற ஃபுட்பால் இல்லீங்க, ஹெல்மெட் போட்டு முட்டிக்கறது. அமெரிக்காக்காரங்களுக்கு அதான் ஃபுட்பால், அதனால இங்கயும் அப்படியே எழுதறேன்.)

7 பெருசா 6 பெருசான்னு எண்ணிப் பாத்து முடிவு பண்றவங்களோட எனக்குப் பேச்சே இல்ல. அந்த ரெண்டு நம்பரும் ஒரே தராசுல நிக்காது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இவங்க ரெண்டு பேரும் எதிரிங்களே கிடையாது. 1991லேருந்து 95 வரைக்கும் கிளீவ்லாந்து பிரவுன்ஸ்ல பெலிச்சிக் ஹெட் கோச், அதுல மொத நாலு வருஷம் அவருக்குக் கீழ டிஃபென்ஸ பாத்துக்கிட்டது சேபன். 1994ல அந்த டீம் சீசன் முழுக்க விட்டுக்கொடுத்தது வெறும் 204 பாயின்ட், லீக்லயே கம்மி. ரெண்டு பேருக்கும் சிரிக்கத் தெரியாது, ரெண்டு பேருக்கும் பிரஸ் மீட்னா வேப்பங்காய். அங்கேருந்து ஒருத்தர் காலேஜ் பக்கம் போயிட்டாரு, இன்னொருத்தர் என்எஃப்எல்லயே இருந்துட்டாரு.

சரி, தராசு ஏன் வேறன்னா, என்எஃப்எல்ங்கறது ஜெயிக்கறவன கீழ இழுக்கறதுக்குன்னே கட்டின லீக். 32 டீம். போன வருஷம் கடைசில வந்தவனுக்குத்தான் டிராஃப்ட்ல (காலேஜ்லேருந்து வர்ற பசங்கள டீமுங்க வரிசையா எடுக்கறது) மொத சான்ஸ், கப் அடிச்சவன் ரவுண்டுக்கு ரவுண்டு கடைசில நிக்கணும். 1994லேருந்து சேலரி கேப் வேற, நம்ம ஐபிஎல் ஏலத்துல எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ் மாதிரி, நீ எவ்ளோ பெரிய கோடீஸ்வரனா இருந்தாலும் அதுக்கு மேல செலவு பண்ண முடியாது. அதனால இவர் ஒரு பையன எடுத்து நாலு வருஷம் வேலை சொல்லிக்கொடுத்து ஆளாக்கினா, வேற டீம் டபுள் சம்பளம் குடுத்து அள்ளிட்டுப் போயிடும். சேபன் ஜெயிச்ச காலத்துல காலேஜ்ல இதுக்கு நேர் தலைகீழ். அங்க டிராஃப்ட் கிடையாது, ஏலம் கிடையாது, பையன் எந்த காலேஜ் வேணும்னாலும் போலாம், அவன் வீட்டு சோஃபால போய் உக்காந்து அம்மா அப்பாகிட்ட பேசி கூட்டிட்டு வர்றதுதான் கோச்சோட மொத வேலை. ஜெயிக்கற காலேஜுக்கு நல்ல பசங்க வருவாங்க, நல்ல பசங்க வந்தா இன்னும் ஜெயிக்கும். பணக்காரன் மேலும் பணக்காரன் ஆகற சிஸ்டம்.

இத வச்சுத்தான் பெலிச்சிக் ஆளுங்க வாதம் பண்ணுவாங்க. சேபன் சீசன்ல பாதி மேட்ச்ல தன்ன விட சுமாரான டீமோடதான் ஆடினாரு, பெலிச்சிக்குக்கு அந்த சொகுசு ஒரு வாரம் கூட கிடையாதுன்னு. நியாயமான வாதம், நான் மறுக்கல.

அதுவும் ஒரே ஒரு மேட்ச், அதுக்குன்னு தயார் பண்ணணும்னா பெலிச்சிக்குக்கு மேல ஆளே இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன். 2002 பிப்ரவரில செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிரா சூப்பர் பவுல். ராம்ஸ் 14 பாயின்ட்ல ஜெயிக்கும்னு பந்தயக்காரங்க கணக்கு போட்டிருந்தாங்க. எல்லாரும் ராம்ஸோட குவார்ட்டர்பேக் (பந்த வாங்கி பாஸ் போடற முக்கியமான ஆள்) கர்ட் வார்னர எப்படி நிறுத்தறதுன்னு யோசிச்சப்ப இவரு பந்த எடுத்துட்டு ஓடற மார்ஷல் ஃபால்க் மேல கண் வச்சாரு, பந்து அவன்கிட்ட போகுதோ இல்லையோ கெளம்பற இடத்துலயே இடிங்கடான்னு. 20-17, பேட்ரியாட்ஸ் கைல கப். இன்னொண்ணு 2015 பிப்ரவரி. எதிர்ல நம்ம பீட் கேரல், சியாட்டில். பேட்ரியாட்ஸ் 28-24 லீட், ஆனா பந்து சியாட்டில் கைல, பேட்ரியாட்ஸ் கோல் லைனுக்கு ஒரு கஜம் முன்னாடி, ஒரு நிமிஷம் கூட இல்ல. எந்த கோச்சா இருந்தாலும் டைம் அவுட் கேப்பான், கடிகாரத்த நிறுத்தி தன் ஆஃபென்ஸுக்கு கொஞ்சம் நேரம் மிச்சம் பிடிப்பான். பெலிச்சிக் கையக் கட்டிக்கிட்டு எதிர் பக்கத்தையே பாத்துட்டு நின்னாரு. அங்க தடுமாறறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு, கோல் லைனுக்குன்னு வச்சிருந்த ஆளுங்கள அனுப்பினாரு, அதுல டிராஃப்ட்ல யாருமே எடுக்காத மால்கம் பட்லர்ங்கற புதுப் பையன். அதே பிளேய அந்த வாரம் பிராக்டிஸ்ல பாத்து ஏமாந்திருந்தான் அவன். மேட்ச்ல ஏமாறல, பந்த பிடிச்சிட்டான். கேரல் ஓடாம ஏன்டா பாஸ் போட்டாருன்னு சியாட்டில்காரங்க இன்னிக்கு வரைக்கும் தலைல அடிச்சுக்கறாங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஏன் பெலிச்சிக்தான்னு முடிக்கலன்னா, ஒரே பேருதான் காரணம். டாம் பிராடி.

ஆறு சூப்பர் பவுலும் பிராடி குவார்ட்டர்பேக்கா இருந்தப்ப வந்தது. 2000 டிராஃப்ட்ல 199வது ஆளா எடுத்த பையன், 2001ல ட்ரூ பிளெட்சோ அடிபட்டு வெளிய போனதால உள்ள வந்தவன். எடுத்ததும் பெலிச்சிக்தான், பிளெட்சோ குணமானதுக்கு அப்புறமும் பிராடிதான்னு நின்னதும் பெலிச்சிக்தான், அந்த கிரெடிட்ட யாரும் எடுத்துக்க முடியாது. ஆனா 2020ல பிராடி டாம்பா பேக்கு போயி மொத வருஷமே சூப்பர் பவுல் அடிச்சாரு, இங்க பெலிச்சிக் 7-9 (7 ஜெயிப்பு, 9 தோல்வி). அடுத்த மூணு வருஷம் 10-7, 8-9, 4-13. கூட்டினா 29 ஜெயிப்பு, 38 தோல்வி. அதுக்கு முன்னாடி கிளீவ்லாந்துல அஞ்சு வருஷம் 36-44. பெலிச்சிக் ரசிகர்கள் உடனே 2008ஐ எடுத்துட்டு வருவாங்க, மொத மேட்ச்லயே பிராடி முட்டி போச்சு, மேட் காசல வச்சு 11-5 ஆடினாருன்னு. அப்புறம் 2016ல பிராடி நாலு மேட்ச் சஸ்பென்ஷன்ல இருந்தப்ப 3-1. உண்மைதான். ஆனா ரெண்டுமே பிராடிக்காக கட்டி வச்சிருந்த வீட்டுல வாடகைக்கு வந்தவங்க ஆடினது, அஸ்திவாரம் போட்டதெல்லாம் இல்ல.

இப்ப சேபன் பக்கம் வாங்க. லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டில (எல்எஸ்யூ) 2003ல குவார்ட்டர்பேக் மேட் மாக். அலபாமால 2009ல கிரெக் மெக்எல்ராய், 2011லயும் 2012லயும் ஏஜே மெக்காரன், 2015ல ஜேக் கோக்கர், 2017ல ஜேலன் ஹர்ட்ஸும் டுவா டகோவைலோவாவும், 2020ல மேக் ஜோன்ஸ். 7 கப், ஏழு வேற வேற குவார்ட்டர்பேக், அதுல பாதிக்கு மேல பின்னாடி என்எஃப்எல்ல காணாமலே போயிட்டாங்க. 2017 ஃபைனல்தான் எனக்கு இவரோட உச்சம். ஜார்ஜியாவுக்கு எதிரா ஹாஃப் டைம்ல 0-13. சீசன் முழுக்க ஆடி அங்க வரைக்கும் கொண்டு வந்த ஹர்ட்ஸ உக்கார வச்சிட்டு, ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணாத ஹவாய் பையன் டுவாவ இறக்கினாரு. ஓவர்டைம்ல டுவா மொதல்ல 16 கஜம் பின்னாடி போய் மாட்டிக்கிட்டான், ஐயோ போச்சுன்னு நெனச்சா அடுத்த பந்துலயே 41 கஜம் தூக்கிப் போட்டு மேட்ச முடிச்சான். 26-23.

அத விட எனக்கு பிடிச்சது என்னன்னா மனுஷன் மாறினது. 2012ல டீமுங்க எல்லாம் மூச்சு விடாம வேகமா ஆட ஆரம்பிச்சப்ப, ஃபுட்பால் இப்படியா இருக்கணும்னு முகம் சுளிச்சவரு இவரு. ரெண்டே வருஷத்துல லேன் கிஃபின ஆஃபென்ஸ் கோச்சா கூட்டிட்டு வந்து ஆஃபென்ஸ அப்படியே திருப்பிப் போட்டாரு. டிஃபென்ஸ்தான் உயிருன்னு இருந்தவரு 2020 ஃபைனல்ல ஒஹையோ ஸ்டேட்ட 52-24ன்னு அடிச்சாரு, அந்த சீசன் 13-0, அப்போ அவருக்கு வயசு 69. 2008லேருந்து 2023 வரைக்கும் ஒரு சீசன் கூட 10 வெற்றிக்குக் கீழ போகல.

பசங்கள ரெக்ரூட் பண்ணி குவிச்சதாலதானே ஜெயிச்சாருன்னு கேக்கறவங்களுக்கு, குவிச்சதும் அவருதானே? அலபாமாவுக்கு 2007ல வந்தப்ப லூசியானா மன்ரோங்கற சின்ன காலேஜ்கிட்ட சொந்த கிரவுண்ட்லயே தோத்த டீம் அது. ரெண்டு வருஷம் கழிச்சு சாம்பியன்.

ஆனா சேபனுக்கும் ஒரு கரும்புள்ளி இருக்கு, என்எஃப்எல்ல மயாமி டால்ஃபின்ஸ். 2005, 2006 ரெண்டு சீசன், 15-17. குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ எடுக்கலாமான்னு வந்தப்ப தோள்பட்டை ஆபரேஷனப் பாத்து டாக்டருங்க வேண்டாம்னாங்க, டான்டே கல்பெப்பர எடுத்தாங்க, அவரு முட்டியோட நாலு மேட்ச்ல முடிஞ்சிட்டாரு. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸ் போயி சூப்பர் பவுல் அடிச்சாரு. அப்புறம் நான் அலபாமாவுக்கு போகமாட்டேன்னு பிரஸ்கிட்ட சொல்லிட்டு ரெண்டு வாரத்துல போனது வேற, மயாமில அத இன்னும் யாரும் மறக்கல. அந்த டாக்டருங்க சரின்னு சொல்லியிருந்தா கதையே வேறன்னு சேபன் ஆளுங்க சொல்வாங்க. ஆனா சொல்லப்போனா அதுதான் என்எஃப்எல், அங்க ஒரு குவார்ட்டர்பேக் தப்பா போனா அடுத்த பையன் பெஞ்சுல ரெடியா உக்காந்திருக்க மாட்டான்.

ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க கடவுளே ஒரு டெஸ்ட் வச்சாரு, மேக் ஜோன்ஸ். 2020ல சேபன்கிட்ட 13-0 ஆடின அதே பையன 2021 டிராஃப்ட்ல 15வது ஆளா பெலிச்சிக் எடுத்தாரு. மொத வருஷம் 10-7, பிளேஆஃப் போனாங்க, பஃபலோகிட்ட 47-17ன்னு செம அடி வாங்கினாங்க. அடுத்த வருஷம் ஆஃபென்ஸ் கோச் ஜாஷ் மெக்டேனியல்ஸ் போனதும், வாழ்க்கைல டிஃபென்ஸ் பாத்தே பேரு வாங்கின மேட் பட்ரீஷியாகிட்ட ஆஃபென்ஸ குடுத்தாரு பெலிச்சிக். ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. பையன் அதோட குலைஞ்சு போயிட்டான், 2024ல டிரேட் பண்ணிட்டாங்க. சேபன்கிட்ட அந்தப் பையனச் சுத்தி டிவாண்டா ஸ்மித், நஜி ஹாரிஸ்னு பாதி என்எஃப்எல்லே நின்னுச்சு, அதயும் சொல்லணும். ஆனாலும் ஒரு சின்னப் பையனுக்கு யாரு பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுக்கறதுங்கற விஷயத்துல சேபன் இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கவே மாட்டாரு.

அப்புறம் பெலிச்சிக்கே காலேஜ் பக்கம் வந்தாரு, நார்த் கரோலைனா. 2025ல மொத மேட்ச்லயே டிசியூங்கற காலேஜ்கிட்ட 48-14ன்னு தோல்வி, சீசன் 4-8. இத வச்சு அவர கலாய்க்கறது ஈசி, நான் அதுக்கு பெருசா மதிப்பு குடுக்கல. மூணு சூப்பர் பவுல் அடிச்ச பில் வால்ஷே 1992ல ஸ்டான்ஃபோர்டுக்கு திரும்பி வந்து மொத வருஷம் 10-3, அப்புறம் 4-7, 3-7-1ன்னு போயிட்டாரு. காலேஜ்லேருந்து என்எஃப்எல் பக்கம் போனவங்க கதியும் அதான், ஸ்டீவ் ஸ்பரியர் வாஷிங்டன்ல 12-20, அர்பன் மேயர் ஜாக்சன்வில்ல 2-11ல சீசன் முடியறதுக்குள்ளயே அவுட்.

ரெண்டுலயும் ஜெயிச்சவங்கன்னு பாத்தா காலேஜ் டைட்டிலும் சூப்பர் பவுலும் ஹெட் கோச்சா எடுத்தது மூணே பேர், ஜிம்மி ஜான்சன், பேரி ஸ்விட்சர், பீட் கேரல். ஸ்விட்சர் டல்லாஸ்ல அடிச்சது ஜான்சன் சேத்து வச்ச ஆளுங்கள வச்சு, அத பாதியாத்தான் எடுத்துக்கணும். ஜான்சன் கதை வேற லெவல், 1989ல டல்லாஸ் 1-15, அந்த சீசன் நடுவுலயே தன்னோட ஒரே ஸ்டார் ஹெர்ஷல் வாக்கர மினசோட்டாவுக்கு தள்ளிவிட்டு டிராஃப்ட் பிக்கா வாங்கிக் குவிச்சாரு, 1992லயும் 93லயும் கப். சூப்பர் பவுலுக்கு முந்தின காலத்தையும் சேத்தா பால் பிரவுன், ஒஹையோ ஸ்டேட்ல 1942 டைட்டில், பிரவுன்ஸ ஆரம்பிச்சு மொத பத்து வருஷமும் ஃபைனல், அதுல 7 ஜெயிப்பு. ஆனா பாருங்க அங்கயும் பத்து வருஷமும் ஒரே குவார்ட்டர்பேக், ஆட்டோ கிரஹாம். அவரு ரிட்டயர் ஆன அடுத்த வருஷம் 5-7. பெலிச்சிக் கதை 60 வருஷம் முன்னாடியே நடந்திருக்கு.

அதனால எனக்கு காலேஜ் லிஸ்ட்ல சேபன் மேல, அதுல சந்தேகமே இல்ல. பழைய அலபாமா கோச் பேர் பிரையன்ட்டுக்கு 6 டைட்டில் இருக்கு, ஆனா அவரு காலத்துல ஓட்டு போட்டுத்தான் சாம்பியன் சொன்னாங்க, சேபன் ஒவ்வொண்ணையும் ஃபைனல்ல ஜெயிச்சு எடுத்தாரு. என்எஃப்எல் லிஸ்ட்லதான் சண்டை வரும், ஏன்னா குவார்ட்டர்பேக்க கழிச்சுப் பாக்கணும்னு நான் சொன்ன கணக்க அங்கயும் வச்சா மேல வர்றது பெலிச்சிக் இல்ல, ஜோ கிப்ஸ். வாஷிங்டன்ல 1982ல ஜோ தைஸ்மன், 1987ல டக் வில்லியம்ஸ், 1991ல மார்க் ரிப்பியன், மூணு சூப்பர் பவுல், மூணு குவார்ட்டர்பேக், ஒருத்தர் கூட ஹால் ஆஃப் ஃபேம்ல இல்ல. அதுல ரெண்டு சீசன் பிளேயர்ஸ் ஸ்டிரைக் நடந்த சீசன். 1987 ஸ்டிரைக்ல மத்த டீமுங்க மாத்து ஆளுங்கள வச்சு திணறினப்ப கிப்ஸோட மாத்து ஆளுங்க மூணு மேட்ச் ஆடி மூணையும் ஜெயிச்சாங்க. 2004ல ரிட்டயர்மென்ட்லேருந்து திரும்பி வந்து நாலு வருஷம் 30-34ன்னு ஆடினாரு, ரெண்டு தடவ பிளேஆஃப். அதயும் சேத்துத்தான் சொல்றேன், பெலிச்சிக்க விட ஒரு படி மேலதான் வைப்பேன், திட்டறவங்க திட்டிக்கலாம்.