சூடாகாத இரண்டு கோடுகள்: இன்சூரன்ஸில் மாற்றிய பின்கண்ணாடியும் இரண்டு ஆண்டுகளும்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் காரின் பின்கண்ணாடியை இன்சூரன்ஸில்தானே மாற்றினீர்கள்? எனக்கும் உடைந்துவிட்டது. கிளைம் செய்யலாமா, கையிலிருந்து கொடுத்துவிடலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகும் சொல்லாமல் விட்டவை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நிறுத்தியிருந்த கார் அது. அருகில் யாரோ இயந்திரத்தால் புல் வெட்டியிருக்கிறார்கள். ஒரு சிறு கல் தெறித்திருக்க வேண்டும். நான் வந்து பார்த்தபோது வெட்டியவரும் இல்லை, இயந்திரமும் இல்லை. கண்ணாடி மட்டும் முழுவதும் வெண்மையாகி, இன்னும் சட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. டிக்கியை மெல்லத் தொட்டேன். அவ்வளவுதான், கல்லுப்பைக் கொட்டியது போல மொத்தமும் பின் இருக்கையில் சரிந்தது. சரிந்த பிறகும் சில நிமிடங்கள் அந்தக் குவியலுக்குள்ளிருந்து சடசடவென்று மெல்லிய ஓசை வந்துகொண்டிருந்தது. உடைந்த துண்டுகள் மேலும் உடைகிற ஓசை. அதை இன்றும் மறக்கவில்லை.

கிளைம் பதிவுசெய்யத் தொலைபேசியில் அழைத்தபோதே முதல் தடங்கல். "பின்கண்ணாடி உடைந்துவிட்டது" என்றேன். மறுமுனையில் இருந்தவர் அதை, ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடி என்று எழுதிக்கொண்டுவிட்டார். நம் மொழியில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் போடுவதும் கண்ணாடி, காரின் முதுகில் இருப்பதும் கண்ணாடி. சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் வந்து, தாளில் இருப்பது ஒன்று, உடைந்திருப்பது வேறொன்று என்று சொல்லித் திரும்பிப் போனார். திருத்துவதற்கு இரண்டு நாள். ஆகவே பதிவுசெய்யும்போது "டிக்கிக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடி, டீஃபாகர் கோடுகள் உள்ளது" என்று சொல்லுங்கள். (டீஃபாகர் என்பது மின்சாரத்தால் சூடாகிக் கண்ணாடியில் படியும் ஈரப்படலத்தை நீக்கும் கோடுகள்.) எழுதிக்கொண்டதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த இரண்டு நாளும் திறந்த முதுகோடு கார். தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டி வைத்திருந்தேன். ஒட்டும் நாடாவை வண்ணப்பூச்சின் மேல் வெயிலில் நெடுநேரம் விட்டால் பசை இறுகிப் பூச்சையே உரித்தெடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. பின்பக்கம் திறந்திருக்கும் காரை ஓட்டினால், பின்னால் உருவாகும் காற்றுச்சுழல் புகைக்குழாயிலிருந்து வரும் புகையை உள்ளே இழுத்துவிடும். தலைவலி வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அப்படி எங்கும் போகாதீர்கள்.

மறுபடி வந்த சர்வேயர், "ஒட்டிச் சரிசெய்ய முடியாதா?" என்று கேட்டார். முன்கண்ணாடி என்றால் அது நியாயமான கேள்வி. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. 1903இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து வளர்ந்த வகை இது. கல் பட்டாலும் ஒரு புள்ளியில் விரிசலோடு நிற்கும். பிசின் ஊற்றி அடைக்கலாம். பல பாலிசிகளில் அந்த அடைப்பு வேலைக்கு, பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கைக்கூடக் கேட்பதில்லை. என் காரின் பின்கண்ணாடி, பெரும்பாலான கார்களைப் போலவே, வேறு இனம். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பிறகு குளிர்ந்து அதை உள்நோக்கி இழுக்கிறது. அந்த இழுவிசையே அதன் வலிமை, அதுவே அதன் எமன். ஓரிடத்தில் ஆழமாகக் காயம் பட்டால் மொத்தமும் துண்டு துண்டாகிவிடும். ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. சர்வேயரிடம் இருக்கைக் குவியலைக் காட்டினேன். புகைப்படம் எடுத்துக்கொண்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

கண்ணாடியைக் காய்ச்சும் இந்த முறையோடு தொடர்புள்ள இன்னொரு விஷயம் எனக்கு அன்று தெரியாது. பின்கண்ணாடியில் ஓடும் அந்தச் செம்பழுப்புக் கோடுகள் பிறகு ஒட்டியவை அல்ல. வெள்ளி கலந்த பசையைத் தட்டைக் கண்ணாடியில் அச்சிட்டு, அதே உலைச் சூட்டில் கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டுவிடுகிறார்கள். கோடுகள் கண்ணாடியோடு பிறந்தவை. அவற்றில் குறை இருந்தால் அது கண்ணாடியின் குறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் புகார் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

பொருத்திய வேலையைப் பற்றி முதலில் மனதாரச் சொல்லிவிட வேண்டும். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசவில்லை. பழைய பசையை அடியோடு சுரண்டாமல், ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரே மட்டமாக விட்டு அறுத்தார். புதிய பசை பழைய பசையை நன்றாகப் பற்றிக்கொள்ளும், இரும்பு வரை சுரண்டினால் துரு பிடிக்க வழி திறந்துவிடும் என்றார். பிறகு யூரித்தேன் பசையைத் துப்பாக்கியில் ஏற்றி, சட்டத்தைச் சுற்றிக் கூம்பு வடிவில் இழுத்தார். தொடங்கிய இடத்தில் வந்து முடியும்வரை கை எங்கும் நிற்கவில்லை. உறிஞ்சு கைப்பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி, இருவராக ஒரே மூச்சில் இறக்கினார்கள். "பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், சார். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே காற்று அழுத்தி, காயாத பசை விலகிவிடும்" என்றார். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகுவது. அவர் குறித்துக் கொடுத்த நேரம் வரை நான் காரை எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு சொட்டு நீர் உள்ளே வந்ததில்லை, காற்று விசிலடித்ததில்லை. இருக்கை இடுக்குகளில் அவர் அரை மணி நேரம் உறிஞ்சியெடுத்தும் சில துகள்கள் மிஞ்சத்தான் செய்தன. போன மாதம்கூட சீட் பெல்ட் புறப்படும் துளையிலிருந்து ஒன்றை எடுத்தேன். அதற்கு அவர்மீது குறையில்லை, ஆயிரக்கணக்கான துண்டுகள்.

காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் அதுவரை குறையில்லை. பணம் நேரடியாகக் கடைக்குப் போனது. நான் என் பங்கை மட்டும் கொடுத்தேன். நடுப்பகல் வெயில், உலர்ந்த கண்ணாடி, பளபளவென்று இருந்தது. "வேலை திருப்தி" என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அடைமழை பெய்த ஒரு விடிகாலையில், டீஃபாகர் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி மேலிருந்து கீழே அழகாகத் தெளிந்தது. அடியிலிருந்து மூன்றாவது, நான்காவது கோடுகள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாக அப்படியே நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்குகள் தெரிய வேண்டிய உயரம் சரியாக அதுதான். வேறு எந்த இரண்டு கோடுகள் போயிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பட்டைக்குள் ஒரு வண்டி நுழைந்தால் இரண்டு ஒளித்திட்டுகளாகக் கரைந்துவிடுகிறது. அது நெருங்குகிறதா, நிற்கிறதா என்று தெரிவதில்லை.

கடைக்குப் போனேன். ஓராண்டு உத்தரவாதம் நீர்க்கசிவுக்கும் காற்றோசைக்கும் மட்டும் என்றார்கள். கோடு அறுந்திருந்தால் நான் துடைக்கும்போது கீறியிருப்பேனாம். எட்டு மாதத்தில் ஈரத் துணியைத் தவிர வேறு எதுவும் உட்புறத்தில் பட்டதில்லை. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டேன். அந்தக் கிளைம் முடிந்துவிட்டது, திருப்தித் தாளில் கையெழுத்து இருக்கிறது, வேண்டுமானால் புதிதாக ஒரு கிளைம் பதிவுசெய்யுங்கள் என்றார்கள். அதாவது மறுபடி என் பங்கு, மறுபடி போனஸ் (கிளைம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இழப்பு. பணம் கொடுத்தவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டவர் பணத்தை என்னிடம் வாங்கவில்லை. நடுவில் நான் யாருக்குமே வாடிக்கையாளர் இல்லை. என் கைப்பணத்தில் மாற்றியிருந்தால் கடைக்காரர் என் முகத்துக்குப் பதில் சொல்லியிருப்பார் என்பதை இன்றும் நம்புகிறேன்.

கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையையும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து, ஐ.நா.வின் 43ஆம் எண் பாதுகாப்புக் கண்ணாடி விதிமுறையைக் குறிக்கும் எண், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கார் நிறுவனத்தின் சின்னம் மட்டும் இல்லை. வெளிச்சந்தைக் கண்ணாடி. பாதுகாப்பில் அது குறைந்தது என்று சொல்ல மாட்டேன்; அந்த முத்திரை வீணாகக் கிடைப்பதில்லை. ஆனால் எந்தத் தயாரிப்பு போடப்போகிறார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாலிசித் தாளில் "இணையான தரமுள்ள பாகம்" என்று ஒரு வரி இருந்தது. கேட்டிருந்தால், வித்தியாசத்தை நானே கொடுத்து அசல் கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

இனி பணம். பில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கு 30, நிறுவனம் கொடுத்தது 70. கிளைமே இல்லாமல் பல ஆண்டு ஓட்டியதற்காகக் கிடைத்துவந்த நோ கிளைம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் காணாமல் போனது. அந்த ஆண்டு கூடுதலாகக் கட்டியது 38. மறு ஆண்டு போனஸ் கொஞ்சம் ஏறியும் பழைய நிலைக்கு வராததால் 26. இரண்டே ஆண்டில் 64 திரும்பப் போய்விட்டது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நான் வாங்கியதைவிடக் கட்டியது அதிகமாகிவிடும். கண்ணாடிக்குப் பாலிசியோடு தனி இணைப்பு (ஆட்-ஆன்) எடுத்திருந்தாலோ, போனஸ் பாதுகாப்பு இருந்தாலோ, போனஸே இன்னும் சேராத முதலாண்டு என்றாலோ கணக்கு நேர்மாறாகும். அந்த இணைப்பு முன்கண்ணாடிக்கு மட்டுமா, எல்லாக் கண்ணாடிக்குமா என்று வரிவரியாகப் படியுங்கள். கேமராவும் உணரிகளும் பொருத்திய முன்கண்ணாடி உடைந்தால் நான்கூட யோசிக்காமல் கிளைம் செய்வேன். கண்ணாடி விலையோடு கேமராவை நேர்ப்படுத்தும் கூலியும் சேர்ந்துவிடும்.

நண்பரின் கேள்வி என்னை உசுப்பிவிட்டதில், ஞாயிற்றுக்கிழமை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரோடு பின் இருக்கையில் ஏறினேன். இன்ஜினை ஓடவிட்டு, டீஃபாகரைப் போட்டு, கறுப்பு முனையைக் கார் உடலின் இரும்பில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றி, கோட்டை இலேசாகத் தொட்டபடி நகர்த்தினேன். வெறும் முனை என்றால் கோட்டையே கீறிவிடும். நல்ல கோட்டில் ஒரு முனையில் சுமார் 12 வோல்ட். நகர நகரச் சீராகக் குறைந்து, நடுவில் ஏறக்குறைய 6, மறுமுனையில் பூஜ்யம். மூன்றாவது கோட்டில் 12 அப்படியே போய்க்கொண்டிருந்தது. வலது ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே, சட்டென்று பூஜ்யம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மயிரிழை அளவு இடைவெளி. கீறல் இல்லை, கீறல் என்றால் பக்கத்துக் கண்ணாடியிலும் தடம் இருக்கும். வெள்ளிப் பசை அங்கே அச்சாகவே இல்லை. அதன் மேல் கண்ணாடி வழவழவென்று இருந்தது.

மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சு சிறு குப்பியாகக் கிடைக்கிறது. கோட்டுக்கு மேலும் கீழும் நாடா ஒட்டி, நடுவில் தொட்டு வைத்து, ஒரு நாள் காயவிட்டேன். மூன்றாவது கோடு உயிர்பெற்றுவிட்டது. நான்காவது, ஓரத்துப் பட்டையோடு சேரும் இடத்தில், உள்ளலங்காரத் தகட்டுக்குப் பின்னால் அறுந்திருக்கிறது. அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: கிளைம் செய்யாதீர்கள். பொருத்தியவரின் வேலையைப் போல நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை, பணமும் இழுத்தடிக்காமல் வந்தது, இருந்தாலும் செய்யாதீர்கள். பின்கண்ணாடிக்குக் கையிலிருந்து கொடுங்கள். யார் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் டீஃபாகரைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து, உட்புறத்தில் வாயால் ஊதி ஊதி ஒவ்வொரு கோடாகப் பாருங்கள். ஊதிய ஈரம் கோட்டிலிருந்து இரு பக்கமும் விலகி மறைய வேண்டும்.

அவர் நேற்று மாலை அழைத்தார். கிளைம் பதிவுசெய்துவிட்டாராம், அவருக்கு இது முதல் ஆண்டு, இழக்கப் போனஸே இல்லை. சரிதான். கண்ணாடி பொருத்தும் நாளில் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.