குறுவைக் காலத்தில் கைகொடுக்கும் கிளாம்ப் மீட்டர்

மன்னார்குடிப் பக்கம் குறுவை நடவின்போது எல்லாப் பம்புசெட்டுகளும் ஒரே நேரத்தில் ஓடுவதால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. அதை அளந்து அறியவே இந்த மீட்டரை வாங்கினேன். கம்பியை வெட்டாமல், மீட்டரின் திறந்து மூடும் தாடைக்குள் நுழைத்தாலே மின்னோட்டம் தெரிகிறது. ஆனால் ஒரே கம்பியைத்தான் நுழைக்க வேண்டும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்தால் அளவு சுழியமாகிவிடும்.

தண்ணீர் காய்ச்சும் ஹீட்டரில் 230 வோல்ட்டும் 4.35 ஆம்பியரும் காட்டியது. பெருக்கினால் திறன் ஏறக்குறைய 1000 வாட். வகுத்தால் மின்தடை சுமார் 53 ஓம். மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறையும்போது, மின்தடை பெரிதாக மாறாததால், மின்னோட்டமும் சேர்ந்து குறைந்து திறன் சுமார் 756 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் சூடாகத் தாமதமாவதன் காரணம் இதுவே.

மோட்டாருக்கு இந்த எளிய பெருக்கல் போதாது. மும்முனை மோட்டார் 400 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுத்தால், அவற்றின் பெருக்கலை 1.732 ஆலும் (மூன்றின் வர்க்கமூலம்) திறன் காரணியாலும் (பெருக்கி வரும் அளவில் உண்மையில் பயன்படும் திறனின் பங்கு) மீண்டும் பெருக்க வேண்டும், காரணி 0.85 எனக் கொண்டால் ஏறக்குறைய 4.4 கிலோவாட் வரும். இம்மீட்டர் திறன் காரணியைக் காட்டாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. விவசாயிக்கு மிகவும் தேவைப்படும் அளவு அதுதான். கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்.இ.டி. பல்பு போன்ற சிறு சுமைகளில் அளவு தடுமாறுகிறது. அப்போது மின்னிணைப்பைத் துண்டித்து, காப்பிட்ட ஒற்றைக் கம்பியைத் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றி, பிறகு அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.